அம்சவேணியும் மூணாம் நம்பர் மோட்டாரும்

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, பாலக்காட்டுக் கணவாயிலிருந்து புறப்பட்டு வருகிற காற்று வருஷத்தில் பாதி நாள் தென்னைகளை ஒரே பக்கமாகச் சாய்த்து வைத்திருக்கும் இடத்தில், எங்கள் நூல் மில் இருந்தது. அந்த மில்லுக்குள் ஈரக்காற்றை அனுப்பும் பிளாண்ட் ரூமில் ஓடிக்கொண்டிருந்த மூன்று பெரிய காற்றாடி மோட்டார்களில் மூன்றாவது, ஒரு ஆடி மாதத்தில், என் மனைவி அம்சவேணியின் மேல் ஆசை வைத்தது.

அதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். மோட்டார்களுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் அங்கே என் வேலை. ஒவ்வொரு மோட்டாரிலும் சுழலும் தண்டான ஷாப்டைத் தாங்க இரண்டு பக்கமும் பேரிங் இருக்கும். பேரிங் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு எஃகு வளையங்கள், நடுவே உருளும் குண்டுகள், குண்டுகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் பிரித்து வைக்கப் பித்தளையில் ஒரு கூண்டு, அவ்வளவுதான். வளையத்தில் கடுகளவு பள்ளம் விழுந்தால் ஒவ்வொரு குண்டும் அதைக் கடக்கும்போது ஒரு தட்டு தட்டும். மனிதக் காதுக்கு அந்தத் தட்டு எட்டுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஆனால் காந்தம் வைத்த ஒரு சின்ன உணர்கருவியை மோட்டாரின் முதுகில் ஒட்டினால், ஒயரின் மறுமுனையில் என் கையிலிருக்கும் மீட்டரின் திரையில், அந்தத் தட்டுகள் வரிசையாக முட்களாக எழுந்து நிற்கும். முள்ளைப் பார்த்து, இது உள் வளையம், இது வெளி வளையம், இது குண்டு, இது கூண்டு என்று சொல்லிவிடுவேன். மில்லில் என்னை நாடிக்காரர் என்றார்கள்.

நான் வருவதற்கு முன்பெல்லாம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் நல்ல பேரிங், கெட்ட பேரிங் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடுவார்கள். நானும் மெயின்டனன்ஸ் இன்ஜினியர் எட்வின் சாரும் சேர்ந்து அந்த வழக்கத்தை நிறுத்தினோம். முள் எழுந்தால் கழற்று, எழாவிட்டால் தொடாதே என்பது புதிய வழக்கம். அதை மில் முழுக்க ஏற்றுக்கொள்ள வைக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஏற்றுக்கொண்ட பிறகு, அதைக் கோயில் முறை மாதிரி பிடித்துக்கொண்டார்கள்.

அம்சவேணி, நூலைக் கோன்களில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் இருந்தாள். புடவைக்கு மேல் நீல மில் கோட்டு, தலையில் பஞ்சு படாமல் ஒரு துணி. மற்றப் பெண்கள் கேன்டீனில் சாப்பிடும்போது, அவள் மட்டும் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு பிளாண்ட் ரூமுக்கு வந்துவிடுவாள். அங்கே தண்ணீர்த் திரையில் நனைந்த காற்று எப்போதும் குளிர்ந்திருக்கும், ஒன்றாம் நம்பருக்கும் இரண்டாம் நம்பருக்கும் பக்கத்தில் இடம் ஈரமாக இருக்கும், மூன்றாம் நம்பருக்கு எதிரே மட்டும் காய்ந்த சிமெண்டு மேடை ஒன்று உண்டு. அவள் அதில் உட்கார்ந்தது அந்த ஒரே காரணத்தால்தான் என்று இன்றுவரை நம்ப முயன்றுகொண்டிருக்கிறேன்.

அந்த ஆடியில் மூன்றாம் நம்பரில், பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியின் பக்கத்து பேரிங்கில் முதல் முட்கள் எழுந்தன. வெளி வளையம். புது பேரிங்குக்கு எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை மத்தியானம் அந்தப் பக்கம் போனபோது மறுபடி பார்த்தேன், திரை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. காலையில் பார்த்தேன், முட்கள். மத்தியானம், சுத்தம். பேரிங்கில் விழுந்த புண் ஆறாது. மனிதத் தோல் ஆறும், மரப்பட்டை ஆறும், எஃகு ஆறாது. இந்தத் தொழிலில் அதுதான் முதல் பாடம். மீட்டரின் மேல் சந்தேகப்பட்டு ஒயரை மாற்றினேன், காந்தத்தைத் துடைத்தேன், பிறகு ஒரு நாள் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தபோது, வாசல் பக்கம் தூக்குப்போசியின் மூடி கலகலத்தது, அம்சவேணி உள்ளே வந்தாள், அவள் வர வர முட்கள் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்து படுத்தன.

"என்னங் மாமா, பேயறைஞ்சாப்புல நிக்கறீங்க?" என்றாள்.

"சித்தெ வெளிய போயி நில்லு."

போனாள். முட்கள் எழுந்தன.

"இப்ப வா."

வந்தாள். படுத்தன.

"என்ன வெளையாட்டு இது? சோறு ஆறுது," என்று மேடையில் உட்கார்ந்து போசியைத் திறந்தாள். மூன்றாம் நம்பர், கோயிலில் பிரகாரம் சுற்றுகிறவனைப் போல, ஒரு சத்தமுமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

எட்வின் சாரைக் கூட்டி வந்து காட்டினேன். நாசரேத்துப் பக்கத்து மனிதர், எதையும் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் பேசுவார். அம்சவேணியை இரண்டு முறை வெளியே அனுப்பி இரண்டு முறை உள்ளே கூப்பிட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி. இப்ப மோட்டாரை நிறுத்தினா ஈரம் குறையும், ஈரம் குறைஞ்சா அத்தனை மிஷின்லயும் நூல் அறும். ஏற்றுமதிச் சரக்கு போய்க்கிட்டிருக்கு. இந்த அம்மா உக்காந்தா நல்லா ஓடுதுன்னா, உக்காரட்டுமே," என்றார்.

அப்படித்தான் அம்சவேணிக்கு வைண்டிங்கிலிருந்து பிளாண்ட் ரூமுக்கு மாறுதல் வந்தது. ஆபீஸிலிருந்து கைப்பிடி வைத்த ஒரு நாற்காலி வந்தது. யூனியன் செயலாளர் சென்னியப்பன், மோட்டாருக்கு எதிரே உட்காருவது திறமை சார்ந்த வேலையா, சாதாரண வேலையா என்று நிர்வாகத்தோடு ஒரு மத்தியானம் முழுக்க வாதாடி, திறமை சார்ந்த வேலைதான் என்று ஜெயித்து வந்தார். "எல்லாரும் உக்காரலாம் தோழர், ஆனா அது எல்லாருக்கும் அடங்குதா?" என்பதுதான் அவர் வைத்த வாதம்.

அது எல்லாருக்கும் அடங்கவில்லை என்பதை வைண்டிங் பெண்கள் சீக்கிரமே தெரிந்துகொண்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வந்து நின்று பார்த்தார்கள். மூன்றாம் நம்பருக்கு அவர்கள் யாரும் கண்ணில் படவில்லை. ஒன்றையும் இரண்டையும் முயன்றார்கள். அவர்களில் மூத்தவளான ருக்குமணியக்கா, கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, மகள் சீருக்கு எடுத்த மயில்கழுத்துப் பட்டோடு இரண்டாம் நம்பர் முன்னால் போய் நின்றாள். என்னை மீட்டர் வைக்கச் சொன்னாள். நான் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினேன். அக்கா மோட்டாரின் காலில் ஓர் உதை விட்டாள்.

"அவகிட்ட இருக்கிறது எங்கிட்ட என்ன இல்லையாமா? ஏய் அம்சா, உம்பட ஆளுக்குத் தம்பி கிம்பி இருந்தாச் சொல்லு. எங்கூட்டுக்காரரு உடற கொறட்டைக்கு இது எவ்வளவோ தேவல."

எல்லாரும் சிரித்தார்கள். அம்சவேணியும் சிரித்தாள். உம்பட ஆளு என்று சொன்னபோது அவள் என் பக்கம் திரும்பவில்லை, மோட்டார் பக்கம் திரும்பினாள். அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

அவள் வீட்டுக்கு வந்துவிட்ட நேரத்தில் மோட்டார் உறுமத் தொடங்கியது, அதற்கும் மில் ஒரு வழி கண்டது. அவள் உடுத்திய புடவை ஒன்றை அதன் கண்ணெதிரே மாட்டி வைத்தால் விடியும்வரை பொறுத்துக்கொள்ளும் என்று ஷிப்ட் ஃபிட்டர் கண்டுபிடித்தார். பெல்ட்டில் சிக்கிவிடக்கூடாது என்று எட்வின் சார் எதிர்ச் சுவரில் ஆணி அடிக்கச் சொன்னார். துவைத்த புடவை செல்லாது, சோப்பு வாசம் வந்தால் கொஞ்ச நேரத்தில் முனக ஆரம்பித்துவிடும், உடுத்திக் களைந்ததுதான் வேண்டும். ஆகவே தினமும் சாயங்காலம் செக்யூரிட்டி சைக்கிளில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, "அம்மா, மூணாம் நம்பருக்கு" என்று நிற்பார். அம்சவேணி அன்று கட்டிய வாயில் புடவையை மடித்து அவர் கையில் கொடுப்பாள். மறுநாள் அது எங்கள் வீட்டுக் கொடியில் வந்து விழும்போது, அதில் அவள் வாசம் இருக்காது, கிரீஸும் சூடான இரும்பும் கலந்த ஒரு வாசம் இருக்கும். நான் அதை நானே எடுத்துத் துவைத்தேன். என்ன துவைத்தும் போகவில்லை.

ஊர் இதைச் சீக்கிரம் பழகிக்கொண்டது. எங்கள் ஊரில் எந்த அதிசயமும் ஒரு மாதத்துக்கு மேல் அதிசயமாக இருக்க முடியாது, அதற்குள் அதற்கு ஒரு நேரமும் முறையும் வந்துவிடும். பக்கத்து மில்களில் இருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். புதிதாகக் கல்யாணமான பெண்களைக் கூட்டி வந்து அம்சவேணி கையால் குங்குமம் வாங்கிக்கொடுத்தார்கள், புருஷன் அப்படி அடங்கி ஓட வேண்டும் என்று. அப்படிக் குங்குமம் கொடுக்கும் பெண்ணின் புருஷன் நான். என்னிடம் ஒருவரும் ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. டீக்கடையில் பெஞ்சில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள், மாப்பிள்ளையின் அண்ணனுக்கு விடுகிற மாதிரி.

நான் பேச்சுக் குறைந்தவன். வீட்டில் பேசும் வார்த்தைகளை அம்சவேணியே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசி வந்தாள். பிளாண்ட் ரூமுக்கு மாறிய பிறகு, வீட்டிலும் பேச்சுக் குறைந்துபோனது. அடுப்படியில் ஒரு ராகத்தை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தாள். அதில் பாட்டே இல்லை, மேலும் கீழும் போகாத ஒரே சுருதி. எனக்கு அது மூன்றாம் நம்பர் ஓடுகிற சுருதி என்று தெரியும்.

ஒரு நாள் ரவுண்ட்ஸ் போகிற சாக்கில் தண்ணீர்த் திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன். அவள் அதனிடம் பேசிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட அன்று, அக்கரையில் நின்ற எருமைக் கன்றைக் கூப்பிட்டு நாள் முழுக்க அழுததைச் சொன்னாள். பெண் பார்க்க வந்தபோது என் காதுகள் பெரிதாக இருந்ததையும், அதைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிடுமோ என்று தரையையே பார்த்ததையும், அதை அடக்கம் என்று எல்லாரும் மெச்சியதையும் சொன்னாள். சைக்கிள் ஓட்ட ஆசைப்பட்டதையும் யாரும் கற்றுத் தராததையும் சொன்னாள். இதில் எதுவும் எனக்குத் தெரியாது. கூடவே இத்தனை வருஷம் இருந்து, எனக்குத் தெரியாது. அவள் எதிரே வந்து உட்கார்ந்து ஒரு பருவம் முடிவதற்குள், இரும்புக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் பொள்ளாச்சிக்குப் போய் ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கி வந்தேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைச் சுற்றி வந்தாள்.

"நா எப்பங் மாமா உங்ககிட்ட சைக்கிள் கேட்டேன்?"

"கேக்கல. சும்மா வாங்கினேன்."

"ஒட்டுக்கேட்டீங்களாக்கும்."

அவள் கோபப்படவில்லை. குவார்ட்டர்ஸ் வீதியிலேயே ஓட்டிப் பழகினாள், நான் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினேன், அந்த மாலைகள் நன்றாகத்தான் இருந்தன. பழகி முடித்ததும், அவள் தினமும் அந்தச் சைக்கிளில் ஏறி, முன்பைவிடச் சீக்கிரமாக மில்லுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

இப்படி எத்தனை எரிந்தாலும், என் வேலையை நான் விடவில்லை. வாரா வாரம் மூன்றாம் நம்பரில் மீட்டர் வைத்தேன், அவளோ அவள் புடவையோ எதிரே இருந்ததால் வாரா வாரம் திரை சுத்தமாக இருந்தது. மில்லில் அதைவிட நல்ல மோட்டார் கிடையாது என்று திரை சொன்னது. எனக்கு அது பொய் என்று தெரியும். புண் ஆறாது. ஆறாத புண் வலிக்காமல் இருக்காது. வலி தெரியவில்லை என்றால் யாரோ அதை மறைக்கிறார்கள். ஒரு நாள் பழைய கிரீஸ் வெளியேறும் மூடியைத் திறந்து விரலால் வழித்துப் பார்த்தேன். கறுத்த கிரீஸில் தங்கத் தூள் மாதிரி ஏதோ மின்னியது. பித்தளை. கூண்டு தேய்ந்து பொடியாகிக்கொண்டிருந்தது. கூண்டு போனால் குண்டுகள் ஒரே பக்கம் குவியும், ஷாப்ட் சாயும், அந்த வேகத்தில் புல்லி முறிந்தால் காவலுக்கு வைத்த தகட்டையும் கிழித்துக்கொண்டு பறக்கும். அது பறக்கும் வழியில்தான் கைப்பிடி வைத்த நாற்காலி இருந்தது.

கிரீஸ் விரலோடு எட்வின் சாரிடம் போனேன்.

"சார், அதுக்குக் குணமாகல. மறைக்குது. உள்ளே கூண்டு பொடியாகுது. அம்சவேணிய அங்கிருந்து எழுப்பணும்."

அவர் விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இது எப்ப உள்ள கிடந்த கிரீஸோ. மீட்டர் என்ன சொல்லுது?"

"சுத்தமா இருக்குங்க சார்."

"முள் எழாட்டா தொடாதேன்னு சொன்னது யாரு? நீரும் நானும்தான. தீபாவளிக்கு மில்லை நிறுத்துவோம், அப்ப கழட்டிப் பாப்போம்." பிறகு கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "திருமூர்த்தி, நானும் பொண்டாட்டி உள்ளவன்தான். வீட்ல இருக்கிற சங்கடம் எனக்குப் புரியாம இல்ல. ஆனா அதுக்கு மோட்டாரைக் கழட்ட முடியாது, பாத்துக்கிடும்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. எனக்கு அதைக் கழற்ற வேண்டும் என்றுதான் இருந்தது. போல்ட் போல்ட்டாகக் கழற்றி, உள்ளே இருப்பதை வெளியே இழுத்து வெயிலில் போட வேண்டும் என்று இருந்தது. அதற்கும் கிரீஸில் மின்னிய பித்தளைக்கும் சம்பந்தமில்லை. பித்தளையும் உண்மை, என் எரிச்சலும் உண்மை. சென்னியப்பனிடம் போனேன். "தோழர், அடுத்தவன் பொண்டாட்டி விவகாரத்துல யூனியன் தலையிடும், சொந்தப் பொண்டாட்டி விவகாரத்துல தலையிடாது," என்றார். டீக்கடையில் சொன்னேன். பாவம் என்று எனக்கு ஒரு வடை வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு பொறாமைக்காரன் நெருப்பு நெருப்பு என்று கத்தினால், தண்ணீரோடு ஓடி வருகிறவர் யாரும் இல்லை.

கடைசியாக அம்சவேணியிடமே சொன்னேன். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, வளையம், குண்டு, கூண்டு எல்லாவற்றையும் விளக்கி, நீ பக்கத்தில் இருக்கும்போது அது வலியை வெளியே காட்டாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, எந்த நேரத்திலும் கைவிடலாம், நீ இருக்கும் திசையில்தான் புல்லி பறக்கும் என்று சொன்னேன். நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். முகம் மாறியது. பயம் என்று நினைத்தேன், அது பயம் இல்லை.

"அப்ப இத்தன நாளா எனக்காக வலியப் பொறுத்துக்கிட்டா இருந்துச்சு?"

"நீ கேட்டது அதுதானா? புல்லி பறக்கும்னு சொன்னேனே, அது காதுல உழுகலையா?"

"உழுந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சளி புடிச்சாக்கூட ஊரையே எழுப்புவீங்க மாமா. அதைப் பாருங்க, ஒரு வார்த்த சொல்லல."

என் வாயாலேயே நான் அதற்குத் தூது போயிருந்தேன். எச்சரிக்கப் போய், அது தன்னைப் பற்றிச் சொல்ல முடியாமல் வைத்திருந்ததை எல்லாம் அழகாக எடுத்துச் சொல்லிவிட்டு வந்து, கை கழுவாமல் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் அவள் தலைக்குக் குளித்து, கோட்டு இல்லாமல், அரக்குப் புடவையில் கிளம்பினாள். "மீட்டர எடுத்துக்கிட்டு வாங்க. இன்ஜினியரையும் வரச் சொல்லுங்க," என்றாள். எதற்கு என்று கேட்டேன். "வலிக்கிறதுன்னு ஒண்ணு இருந்தா அதைக் கேக்கறக்கு ஒரு ஆளு வேணுமில்ல?"

ஷிப்ட் மாறுகிற நேரம், போகிறவர்களும் வருகிறவர்களும் பிளாண்ட் ரூம் வாசலில் சேர்ந்துவிட்டார்கள். நான் காந்தத்தை ஒட்டினேன். திரை சுத்தமாக இருந்தது. எட்வின் சார் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவளைப் புல்லிக்கு நேரே நிற்கவிடாமல் பின்பக்கமாக இழுத்து நிறுத்தினேன், அவள் என் கையை விலக்கிவிட்டு, மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் வைக்கிற மாதிரி வைத்தாள்.

"இத்தன நாள் அடக்கினது போதும். வலிச்சாக் கத்து. நா ஒண்ணும் தப்பா நெனச்சுக்க மாட்டேன்," என்றாள். "யாரு என்ன நெனச்சா என்ன? கத்து சாமி."

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையின் ஓரத்தில் ஒரு முள் எழுந்தது, பக்கத்தில் இன்னொன்று, பிறகு வேலிகாத்தான் காடு மாதிரி திரை முழுக்க முட்கள், வெளி வளையம், உள் வளையம், குண்டு, கூண்டு எல்லாம் ஒன்றாக, மீட்டர் காட்டக்கூடிய உயரத்தையும் தாண்டி. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. வைண்டிங்கில் ஓடிய கோன்கள் எல்லாம் தானாக நின்றன என்று பிறகு சொன்னார்கள். குவார்ட்டர்ஸில் தொட்டிலில் கிடந்த குழந்தைகள் ஒருசேர எழுந்து அழுதன, ரயிலடியில் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டன. எட்வின் சார் பொத்தானை அடித்தார். மோட்டார் கத்திக்கொண்டே வேகம் குறைந்து, கத்திக்கொண்டே நின்றது.

மூடியைக் கழற்றியபோது உள்ளே பேரிங் இல்லை. கூண்டு முழுக்கப் பொடியாகிக் கிடந்தது, குண்டுகள் மணலாகிக் கிடந்தன, வெளி வளையத்துக்கும் உள் வளையத்துக்கும் நடுவே வெறும் வெளி; அந்த வெளியின் சரியான மையத்தில், மயிரிழை இப்படி அப்படி இல்லாமல், அவ்வளவு கனமான ஷாப்ட் எதன்மேலும் படாமல் நின்றிருந்தது. நம்பாமல் ஃபிட்டர் ஒரு கோனிலிருந்து நூலை இழுத்து, இடைவெளியில் விட்டுச் சுற்றிக் கொண்டுவந்தார். நூல் எதிலும் தட்டாமல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எட்வின் சார் அந்த நூலை வாங்கி, தானும் ஒரு முறை விட்டுப் பார்த்தார்.

அம்சவேணி குனிந்து உள்ளே பார்த்தாள்.

"போதும் சாமி," என்றாள். "எறக்கி வெய்யி."

ஷாப்ட் டொக்கென்று வளையத்தில் இறங்கி உட்கார்ந்தது. அவ்வளவுதான் சத்தம். அந்தக் குரலில் அம்சவேணி என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. பேசும்படி நான் எதையும் ஒருநாளும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

அன்று மாலை வைண்டிங் பெண்கள் எங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தார்கள். எந்த முறையில் வருவது என்று அவர்களுக்குள் கொஞ்சம் குழப்பம் இருந்திருக்கிறது, ருக்குமணியக்காதான் முடிவு செய்திருக்கிறாள். தலை முடிந்து, கையில் ஒன்றும் கொண்டுவராமல், வாசலில் வா என்று யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்து, அம்சவேணியைச் சுற்றி உட்கார்ந்து, தோளோடு தோள் சேர்த்துக்கொண்டு அழுதார்கள். நெம்ப நல்ல மனசு என்றார்கள். கடைசி வரைக்கும் யாருக்கும் ஒரு தொந்தரவு இல்லை என்றார்கள். ஓடிக்கிட்டு இருக்கும்போதே போயிருச்சு என்றார்கள். அவள் புருஷன் நான், உயிரோடு, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, அதே அறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது ருக்குமணியக்கா என் பக்கம் வந்து நின்றாள்.

"நீங்களும் மனசத் தேத்திக்கோங்க தம்பி. இனி அவளப் பாத்துக்கறக்கு நீங்கதான் இருக்கறீங்க."

சரிங்க அக்கா என்றேன்.

புது பேரிங்கை எண்ணெயில் சூடாக்கி ஷாப்டில் ஏற்றினோம். மோட்டார் ஓடியது. அம்சவேணி உள்ளே வந்தாள், திரை சுத்தம். வெளியே போனாள், திரை சுத்தம். மீண்டும் உள்ளே கூப்பிட்டேன். அவள் அதன் முதுகில் கை வைத்தாள், மெதுவாக ஏதோ சொன்னாள், எல்லா மோட்டாரும் ஓடுகிற மாதிரி அது ஓடிக்கொண்டிருந்தது. யார் என்று அதற்குத் தெரியவில்லை. கையை எடுத்துக் கோட்டில் துடைத்துக்கொண்டு, "நா வைண்டிங்குக்கே போறேன்னு இன்ஜினியர்கிட்டச் சொல்லிருங் மாமா," என்றாள். ஆணியிலிருந்த புடவையை அவளே எடுத்துக்கொண்டாள்.

ஜெயித்தவன் நான்தான் என்று வைத்துக்கொள்ளலாம். அவள் என்னோடு நல்லபடியாகவே இருந்தாள். பேச்சும் திரும்பி வந்தது, மெதுவாக, முதலில் உப்பு, புளி என்று, பிறகு மற்றது. நானும் கேட்கப் பழகிக்கொண்டேன், சில நாள் நானே பேசினேன். சளி பிடித்தால் ஊரை எழுப்பவில்லை. கம்முனு இருந்து பார்த்தேன். அவள் ஒரே நாளில் கண்டுபிடித்துக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டாள். அவள் சில சமயம் பேச்சின் நடுவில் நிறுத்திவிட்டு, எங்கோ ஓடுகிற ஒன்றைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்ப்பாள். அப்போது நான் அவளைக் கூப்பிட மாட்டேன், அவளாகத் திரும்பி வரும்வரை எரிந்துகொண்டே உட்கார்ந்திருப்பேன்.

பல வருஷம் கழித்து அவள் இறந்தாள். மழைக்காலக் காய்ச்சல், கோயமுத்தூர் வரைக்கும் கொண்டுபோனோம். காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, ரவுண்ட்ஸில் மூன்றாம் நம்பரிடம் வந்தேன். எட்வின் சார் மாறிப் போயிருந்தார், ருக்குமணியக்கா மகள் வீட்டோடு போயிருந்தாள், பிளாண்ட் ரூமில் அம்சவேணியைத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். காந்தத்தை ஒட்டினேன். திரை சுத்தமாக இருந்தது.

"அம்சவேணி போயிட்டா," என்று சொன்னேன்.

காற்றாடி இரைச்சலில் கேட்காமல் போயிருக்குமோ என்று, குனிந்து, அதன் முதுகுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, இன்னொரு தடவை சொன்னேன். திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு முள், கடுகளவு ஒரு முள் எழுந்திருந்தாலும் எனக்குப் போதும், அதன் எதிரே உட்கார்ந்து அன்று முழுக்க அதனிடம் பேசியிருப்பேன். உணர்கருவியை மறுபக்கத்துக்கு மாற்றி ஒட்டிப் பார்த்தேன். அங்கேயும் ஒன்றும் எழவில்லை. பழைய பேரிங்கை இழுத்து எடுத்துவிட்டு, புதியதை எண்ணெயில் சூடாக்கி ஏற்றியதோடு, அவளை மறக்க அதற்கு வேறெதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை. அது சுகமாக ஓடிக்கொண்டிருந்தது, அந்த மோட்டாரின் மேல் நான் அதுவரை பட்ட பொறாமையெல்லாம் அன்றைக்குப் பட்டதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.